எண்ணில் அடங்காத புதினா

புதினாவில் பத்திலொரு பங்கைத் தவறாமல் செலுத்திவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மத் 23:23). அவர்கள் எண்ணிக் கொடுத்த புதினாவுக்குக் காட்டில் ஓர் உறவு உண்டு: நீர்ப்புதினா. ஐரோப்பாவின் ஏரிக்கரைகளிலும் ஓடையோரங்களிலும் வேர் நனைய வளர்வது அது. நாற்கோணத் தண்டு, அதன் நுனியில் உருண்டையாய் வெளிர் ஊதாப் பூங்கொத்து. அறியாமல் மிதித்துவிட்டால் மணமே காட்டிக்கொடுத்துவிடும்.

கான்ஸ்டன்ஸ் ஏரியிலுள்ள ரைகனாவ் தீவில் 724-ஆம் ஆண்டு புனித பிர்மின் ஒரு துறவுமடத்தை நிறுவினார். அடுத்த நூற்றாண்டில் அங்கு வாழ்ந்தவர் வாலஃபிரிட் ஸ்ட்ராபோ. ‘ஸ்ட்ராபோ’ என்றால் மாறுகண்ணர். 838-இல் மடத்தின் தலைவரானார். 849-இல், அரசப் பணியாகச் சென்ற வழியில், லுவார் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார். தம் வாசலருகே மண்டிக்கிடந்த காஞ்சொறியைத் தம் கையாலேயே களைந்து தோட்டமிட்ட கதையை இலத்தீன் கவிதையாக்கியவர் அவர். மண்ணைத் தொட்டவர் எழுதிய நூல் என்பது படித்தவுடன் புரியும்.

அதில் புதினாவுக்கும் ஒரு பகுதி உண்டு. கம்மிய குரலைத் தெளிவாக்கும் ஒரு வகையை அவர் குறிப்பிடுகிறார். நாள்தோறும் பலமுறை கூடித் திருப்பாடல்களைப் பாடும் துறவியருக்கு அது சிறிய உதவியன்று! ஆனால் புதினா வகைகளையெல்லாம் சொல்ல முயலும்போது கைவிரித்துவிடுகிறார். செங்கடலின் மீன்களையும் எட்னா எரிமலையின் தீப்பொறிகளையும் எண்ண வல்லவருக்கே அது இயலும் என்பது அவர் கருத்து.

இதைக் கவிஞரின் மிகைக்கூற்று என்று நாம் ஒதுக்கிவிடலாம். எனக்கோ, அது கூர்ந்து நோக்கியவரின் நேர்மை என்றே படுகிறது. புதினா இனங்கள் அருகருகே வளர்ந்தால் எளிதில் தம்முள் கலந்து, இரண்டையும் ஒத்தும் ஒவ்வாமலும் உள்ள புதுச்செடிகளைத் தோற்றுவிக்கும். வகைகளுக்கிடையே வரப்பு இல்லை.

ஈரநிலத்து நீர்ப்புதினாவும் தோட்டத்து ஈட்டிப்புதினாவும் கலந்து பிறந்ததே, மிட்டாயின் வழியாக நாம் பெயரறிந்த பெப்பர்மின்ட். 1696-இல் ஆங்கிலேயக் குருவும் இயற்கை ஆய்வாளருமான ஜான் ரே அதைப் பதிவு செய்தார். 1753-இல் வகைப்பாட்டின் தந்தையாகிய லின்னேயஸ், அது கலப்பு என்றறியாமல், தனி இனமாகவே பட்டியலில் சேர்த்துவிட்டார். எண்ணத் தெரிந்தவர் இங்கே தவறினார். எண்ண முடியாது என்றவர் தவறவில்லை.

பெப்பர்மின்ட் பெரும்பாலும் விதை தருவதில்லை. தரையடியில் ஓடும் தண்டைக் கிள்ளி ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தே அது ஊர் ஊராய்ப் பரவியது.