ஒழிந்த நோயும் ஒழியாத அச்சமும்

ஒரு நோய் நாட்டில் எத்தனை பேரைப் பீடித்துள்ளது என்பது வெறும் கணக்கு வினாவன்று. யாரை எண்ணுகிறோம், யாரை எண்ணாது விடுகிறோம் என்பதும் அதனுள் அடங்கும். இலங்கையில் தொழுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் ஒல்லாந்தர் அமைத்த தொழுநோய் இல்லம் 1708ஆம் ஆண்டுக்குரியது. மருந்தில்லாத அக்காலத்தில் அதனை மருத்துவமனை என்பதினும் ஒதுக்கிடம் என்பதே பொருந்தும். 1873இல் நோர்வே மருத்துவர் ஹான்சன் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். பரம்பரைச் சாபம் என்ற கதை அன்றே மடிந்திருக்க வேண்டும். மடியவில்லை. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வழிசெய்தது. கிழக்கிலே மட்டக்களப்பு வாவியின் மாந்தீவு அவர்களுக்கு உறைவிடமாயிற்று. கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரந்தான். திரும்பிவருவதற்கோ எட்டாத தூரம்.

1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்தது. இன்று ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோய் முற்றாகக் குணமாகிறது, மருந்து இலவசம். 1995இல், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் இலக்கை நாடு எட்டியது. நோய் ஒழிந்தது என்று பலரும் எண்ணினர்.

ஆனால் அந்தக் கணக்கு சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்போரின் கணக்கு. சிகிச்சைக் காலம் குறுகியதும் பதிவேடும் குறுகியது. புதிதாக நோயுறுவோர் தொகையோ அதே வேகத்தில் குறையவில்லை. 2019 வரையிலான பல ஆண்டுகளில், ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் ஏறக்குறையப் பத்திலொருவர் சிறுவர். இந்நோய் வெளிப்படச் சராசரி ஐந்தாண்டுகள் செல்லும். சில வேளை இருபதாண்டுகளும் ஆகலாம். ஆகவே சிறுவரின் உடலில் அது தோன்றுவது, தொற்று இன்னும் நம்மிடையே நடமாடுகிறது என்பதன் அடையாளம்.

வரிப்பத்தான்சேனை போன்ற நம் வயற்கிராமங்களில் உடலில் வெளிறிய படை கண்டால் தேமல் என்று விட்டுவிடுகிறோம். அப்படை உணர்ச்சியற்றிருந்தால் அது தேமலன்று என்பதை எத்தனை வீடுகளில் அறிவர்? அறிந்தவரும், மகளின் கலியாணம் தடைப்படுமே, கூலிவேலை போய்விடுமே என்றஞ்சி மறைக்கின்றனர். மறைத்த காலத்தில் நரம்பு கெடுகிறது, விரல் மடங்குகிறது. மருந்து கிருமியைக் கொல்லும்; மடங்கிய விரலை நிமிர்த்தாது.

மனிதருள் மிகப் பெரும்பான்மையோர்க்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பும் நீங்குகிறது. பின் எதற்கு அச்சம்? ஒல்லாந்தரின் மதில்கள் பழமையடைந்துவிட்டன. நம் மனத்துள் எழுந்த மதில் மட்டும் புதிதாகவே நிற்கிறது. அதனை இடிக்கும் வேலை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நாள்தோறும் நூறு பிள்ளைகளின் முகம் பார்க்கும் ஆசிரியராகிய நமக்கும் உரியது.