குளக்கட்டிலே கூடிய சபை



ஊராட்சி என்றதும் வாக்குச்சீட்டும் தவிசாளர் நாற்காலியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், இலங்கையிலே ஊர்க்காரியம் பற்றி ஊராரைக் கூட்டிக் கேட்கும் வழக்கம் வாக்குச்சீட்டுக்கு மிக முந்தியது. அது குளத்து நீரை ஒட்டி வளர்ந்த வழக்கமாகும்.

குளத்து நீர் தனியொருவருக்கு உரியதன்று. மேல்வயற்காரர் ஒரு காலத்திலும் கீழ்வயற்காரர் வேறொரு காலத்திலும் விதைத்தால் நீர் வீணாகும். ஒருவர் வேலி அடையாது விட்டால் எல்லோர் பயிரையும் மாடு மேயும். ஆதலின், விதைக்கும் நாள், நீர் திறக்கும் நாள், வேலிப் பங்கு ஆகியவற்றை எல்லோரும் கூடியே தீர்மானித்தனர். சிங்களக் கிராமங்களிலே இத்தகைய ஊர்க்கூட்டத்தைக் 'கம்சபாவ' என்றனர்.

1832ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் இராசகாரியத்தை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால், குளக்கட்டைத் திருத்துவதற்கு ஊராரைப் பிணித்திருந்த அதிகாரமும் அதனோடு போயிற்று. வாய்க்கால்கள் தூர்ந்தன, வழக்குகள் பெருகின. நீர்ப் பங்கீட்டின் நுட்பத்தை நகரத்து நீதிமன்றங்கள் எவ்வாறு அறியும்?

இந்நிலையிலேதான் தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் நோக்கம் புதுவிதி புகுத்துவதன்று. நீர்ப்பாசனம், நெற்செய்கை பற்றிய பழைய வழக்கங்களுக்கு உயிரூட்டுவதே. வயற்சொந்தக்காரரைக் கூட்டி, அவர்தம் வழக்கம் யாதென வினவி, அதனையே விதியாக்கும் முறை இவ்வாறு சட்டத்தில் இடம்பெற்றது.

1871இல் வந்த கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டம் இம்முறையை வயலுக்கு வெளியே பரப்பியது. பாதை, கிணறு, பாடசாலை முதலியவற்றைக் கிராமக் குழுக்கள் கவனிக்கலாயின. எனினும், கூட்டத்திற்குத் தலைமை தாங்கியவர் அரசாங்கத்தின் தலைமைக்காரரே. பெண்களுக்கு அங்கே இடமில்லை. வயற்கூட்டத்திலும் நிலமுடையோர் சொல்லே எடுபட்டது; வாரத்துக்கு உழுவோர் குரல் எழவில்லை. அவர்களுக்கும் இடமளிக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்கள் 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின்னரே தோன்றின. கேட்பது பெரிதுதான், யாரைக் கேட்பது என்பது அதனினும் பெரிது.

கிராமச் சபைகள் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கின. அவற்றின் இடத்திலே மாவட்ட அளவிலான அபிவிருத்திச் சபைகள் வந்தன. தவிசாளரின் வாயிலில் நின்று முறையிட்ட கிராமத்தவருக்குச் சபை எட்டாத் தொலைவிற்குச் சென்றது. பின்னர், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை அமைத்தது. உறுப்பினரல்லாத ஊரவரையும் ஆலோசனைக் குழுக்களிலே சேர்த்துக்கொள்ள அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டமோ, சபையின் கணக்கைக் கேட்டறியும் உரிமையைக் குடிமகனுக்கு அளித்தது.

சட்டம் இருந்தும் சபை இல்லாத காலமும் உண்டு. 2023 மார்ச்சு மாதத்தில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே மாதம் வரை தேர்தல் நடைபெறவில்லை. அவ்விடைக்காலத்திலே அலுவலர்களே சபைக் காரியங்களை நடத்தினர். குப்பை அள்ளப்பட்டது; விளக்கு எரிந்தது. ஆயினும், வட்டாரத்தின் குறையைச் சபையிலே எழுந்து சொல்லும் பிரதிநிதி இருக்கவில்லை.

பயிர்ச்செய்கைக் கூட்டமோ இன்றும் போகந்தோறும் கூடுகின்றது. நீர் குறைந்த ஆண்டிலே வயலின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அதிலே எல்லோருக்கும் பங்கு வகுக்கும் 'பெத்ம' என்னும் முறை சிங்களக் கமக்காரரிடையே உண்டு. தன் வயலைத் தரிசாக விட ஒருவர் எளிதில் இசையார். இசைகின்றாரெனில், நீர் திறக்கு முன்னரே அவரைக் கேட்டுவிட்டதே அதற்குக் காரணம். மதகைத் திறந்தபின் கருத்துக் கேட்பதனால் பயனில்லை. பாதைக்கும் சந்தைக்கும் குடிநீருக்கும் திட்டம் வகுக்கும் நம் சபைகள் குளக்கட்டிலிருந்து கற்கவேண்டிய பாடம் இதுவேயாகும்.