நீர்க்குறியும் யந்திரமும்

சலத்தை நோக்கிப் பிணியறியும் முறையைத் தமிழ் மருத்துவர் நீர்க்குறி, நெய்க்குறி என வகுத்தனர். தேரையர் பெயரால் வழங்கும் விதி, சோதனையை விளக்குமுன் சோதிக்கப்படும் நீரைப் பற்றியே பேசுகின்றது: அளவறிந்து காலத்தில் உண்டு, உறங்கி, வைகறையிற் கழித்த நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஏந்தி, ஒரு முகூர்த்தத்துள், அஃதாவது ஒன்றரை மணி நேரத்துள், நோக்கல் வேண்டும். நெய்த்துளி காட்டும் குறிகளை இன்றைய விஞ்ஞானம் ஏற்கவில்லை, இவ்விதியையோ மறுத்தற்கில்லை.

நிற்க. பெல்க், சண்டர்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் ஒரே கரைசல்களைப் பென்சில்வேனியா மாநில ஆய்கூடங்கள் பலவற்றுக்கு அனுப்பிச் சோதித்தனர். 1947இல் வெளியான முடிவுகள் ஒன்றோடொன்று பெரிதும் முரணின. 1957இல் ஸ்கெக்ஸ் என்பார் அமைத்த தானியங்கி யந்திரம் வந்தது. அதில் மாதிரிகள் ஒரே குழாயில் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும்; காற்றுக் குமிழிகள் இடைநின்று பிரிக்கும். ஆயினும் முன்சென்றதன் எச்சம் குழாயில் ஒட்டிப் பின்வருவதிற் கலத்தலுண்டு. சீனி மிக்க குருதியை அடுத்து வரும் சுகதேகியின் குருதியும் அதனாற் சிறிது சீனி கூடியதாய்த் தோன்றும். கைத்தவறு குறைய, யந்திரத்துக்கேயுரிய தவறு பிறந்தது.

யந்திரத்தை அடையுமுன் நேரும் கேடோ இதனினும் பெரிது. ஊசியால் வலிந்திழுக்கக் குழியங்கள் உடையின் பொற்றாசியம் மிகுத்துக் காட்டும். எடுத்த குருதியை வாளா வைத்திருப்பின், அதன் குழியங்களே குளுக்கோசை மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை உண்டுவிடும். வெப்பத்தில் இன்னும் விரையும். நெடுந்தீவில் எடுத்த குருதி படகேறிக் குறிகட்டுவான் கடந்து யாழ்ப்பாணம் சேர்வதாயின், நீரிழிவாளர் ஒருவர் நலமுற்றாராய்க் கணிக்கப்படவுங் கூடும். புளோரைட்டு இட்ட குழாயும் முதல் ஒன்றிரண்டு மணியில் இவ்விழப்பை முற்றாகத் தடுப்பதில்லை. எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, குழியங்களை விரைவிற் பிரித்தலே தக்கது.