வெயில் அடிக்கும் சதம்

பங்குனி முடிவதற்குள்ளேயே நாளிதழ்களில் அந்தத் தலைப்பு வந்துவிடும்: வேலூரில் வெயில் சதம் அடித்தது, திருத்தணியும் சேர்ந்துகொண்டது. வானிலை ஆய்வு மையம் தருவதென்னவோ செல்சியஸ் கணக்குத்தான். 37.8 என்று போட்டால் படிக்கிறவருக்கு வியர்க்காது. அதனால் ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றி, கிரிக்கெட் மைதானத்திலிருந்து ஒரு சொல்லையும் கடன் வாங்கிப் போடுகிறார்கள்.

ஃபாரன்ஹீட்டுக்கும் நூறுக்கும் உண்மையில் ஒட்டுறவு இல்லை. டான்சிக்கில் பிறந்து ஹாலந்தில் வெப்பமானி செய்து பிழைத்த அவர், 1724-இல் வெளியிட்ட அளவில் மூன்றே கல் நட்டார். பனிக்கட்டியும் தண்ணீரும் நவச்சாரமும் கலந்த குளிர் 0. பனிக்கட்டியும் தண்ணீரும் மட்டும் கலந்தால் 32. நல்ல உடம்பின் சூடு 96. நூறில் எந்தக் கல்லும் இல்லை.

நூறைப் பெயரிலேயே வைத்திருந்தது மற்ற அளவுகோல். சென்டிகிரேடு என்பதில் லத்தீன் சென்டம் நூறு, கிராடுஸ் படி. டிகிரியும் அதே கிராடுஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த உருவம்தான். ஆக, 'டிகிரி சென்டிகிரேடு' என்கிறபோது படி இரண்டு முறை வருகிறது. நம் 'நடு சென்டர்' மாதிரி.

ஸ்வீடனின் உப்சாலாவில் வானியல் பேராசிரியராக இருந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் இந்த நூறு படி அளவை முன்வைத்தார். உருகும் பனியில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார், ஒரே புள்ளி. கொதிநீரிலோ காற்றழுத்தமானியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, அழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதால். இவ்வளவு கவனமாக இரு முனையையும் கட்டிவிட்டு எண்களைத் தலைகீழாகப் போட்டார்: கொதிப்பது 0, உறைவது 100. அவர் கணக்குப்படி 38 டிகிரி சென்னை வெயில் 62 ஆகும்; சூடு ஏற ஏற எண் இறங்கும். கிறுக்குத்தனம் என்று நினைக்க வேண்டாம். அன்று அங்கே புழங்கிய, தெலீல் என்பவரின் அளவும் இதே வாக்கில்தான் ஓடியது.

1744-இல், 42 வயதில், செல்சியஸ் காசநோயால் இறந்தார். அளவை நிமிர்த்தியது யார் என்பதில் இன்னும் இழுபறி. லியோனில் கிறிஸ்தேன் என்பவர் 1743-இலேயே நேராக ஒன்று செய்திருந்தார். செடிகளுக்குப் பெயர் வைத்த லின்னேயஸ் 1745-இல் தன் தோட்டத்துக்கு நிமிர்ந்த வெப்பமானி வாங்கினார். யார் நிமிர்த்தியிருந்தாலும், இன்று செல்சியஸ் பெயரில் இருப்பது அவர் எழுதிய அளவு அல்ல.

பெயரும் தாமதமாகத்தான் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் செங்கோணத்தை நூறு கிரேடாகப் பிரித்திருந்தார்கள். ஒரு கிரேடில் நூறில் ஒரு பங்கு சென்டிகிரேடு. கோணத்துக்கும் சூட்டுக்கும் ஒரே பெயர் என்றால் குழப்பம்தானே? 1948-இல் எடை, அளவைகளுக்கான பொது மாநாடு 'டிகிரி செல்சியஸ்' என்று முடிவுசெய்தது. சுருக்கெழுத்து மாறவில்லை என்பதால் பழைய பெயரைச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நம் பேச்சில் சென்டிகிரேடு இன்றும் கேட்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளோ டிகிரியையும் விட்டு, 'பாகை செல்சியஸ்' என்று அழகாகச் சொல்கின்றன.

டிகிரியும் பாகையும் வேண்டாம் என்றது கெல்வின் அளவு. 1967-இல் கூடிய அதே மாநாடு அந்த ஒட்டை வெட்டிவிட்டது. 300 கெல்வின் என்றால் போதும். '300 டிகிரி கெல்வின்' பழைய புத்தகங்களோடு போக வேண்டிய வழக்கு.