பென்சோ(ஏ)பைரீன்-டி12

புற்றுநோய் உண்டாக்கும் ஐதரோகாபனான பென்சோ(ஏ)பைரீனின் 12 ஐதரசன் அணுக்களுக்கும் பதிலாக, அவற்றின் பாரமான சமதானியாகிய டியூட்டீரியம் ஏற்றப்பட்ட ஆய்வுகூடச் சேர்மம். மூலக்கூற்றுத் திணிவு 252இலிருந்து 264 ஆகிறது. மங்கலான மஞ்சள் திண்மம். நீரில் ஏறக்குறையக் கரையாது, தொலுயீனில் கரையும்.

சாதாரண பென்சோ(ஏ)பைரீன் 1933இல் நிலக்கரித் தாரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. விறகு முழுமையாக எரியாதபோதும் அது உண்டாகும். நாரந்தனைக் கிராமத்தில் பனைமட்டையும் தென்னஞ்சிரட்டையும் எரியும் அடுப்படியின் புகைக்கரி இதற்கு விலக்கல்ல. காற்றோட்டமில்லாத குசினியில் நாளும் சமைப்பவருக்கே பாதிப்பு அதிகம்.

அந்தக் கரியில் பென்சோ(ஏ)பைரீன் எவ்வளவு என்று அளக்க டி12 வடிவம் உதவுகிறது. மாதிரியைப் பிரித்தெடுக்கும் முன்பே அளவறிந்த டி12 சேர்க்கப்படும். வழியில் ஏற்படும் இழப்பு சாதாரண வடிவம், டி12 இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. திணிவு நிறமாலைமானி 12 அலகு வேறுபாட்டால் இரண்டையும் பிரித்தறியும். இரண்டின் விகிதத்திலிருந்து உண்மை அளவு கிடைக்கும்.

பென்சோ(ஏ)பைரீனைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை அடங்கும் 1ஆம் வகுப்பில் சேர்த்துள்ளது. உடலின் நொதியங்கள் இதை டைஓல் எப்பொக்சைட்டாக மாற்ற, அது டிஎன்ஏயின் குவானீனில் ஒட்டிக்கொள்கிறது. டியூட்டீரியம் இருப்பதால் ஆபத்து நீங்கியதாகக் கருதக்கூடாது. தூளை நிறுத்தெடுப்பதைவிடப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வரும் ஆயத்தக் கரைசலை, கையுறையுடன் புகைபோக்கி அறைக்குள் கையாள்வதே நல்லது. எச்சத்தைத் தொட்டியில் ஊற்றாது அபாயக் கழிவாகச் சேகரிக்க வேண்டும்.