வரலாற்றுப் புதினமும் படைமறவரும்

தமிழில் எழுந்த வரலாற்றுப் புதினங்களைப் பயில்வார்க்கு ஒன்று எளிதிற் புலனாகும். அரசரும் அரசியரும் படைத்தலைவரும் ஒற்றரும் அவற்றில் உயிர்பெற்று உலவுகின்றனர். களத்தில் நின்று பொருத எளிய படைமறவனோ கூட்டத்துள் ஒருவனாய் மறைந்துவிடுகின்றான். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தனிக்குதிரையில் வரும் வீரன் ஒருவனைத் தலைமகனாகக் கொண்டது உண்மையே. ஆயினும் அவ் வந்தியத்தேவனும் வாணர் குலத்து வழியினனே அன்றி ஊர்க்குடியிற் பிறந்தவன் அல்லன். படைமறவனைப் பற்றிய சான்றுகள் அரியன என்னும் எண்ணமே இந்நிலைக்குக் காரணம் போலும். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இலக்கியச் சான்றினை நோக்குவோம். முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் நிகழ்ந்த கலிங்கப் போரைப் பாடும் செயங்கொண்டார், களத்தின் கொடுமையை மறைத்தார் அல்லர். பேய்கள் கூழ் அடுதற்குப் பிணமும் குருதியும் பொருள்களாகின்றன. ஆனால் அப்பிணங்கள் எவ்வூராருடையவை, அவர்தம் பெயர் யாவை என்பவற்றைப் பரணி உரைப்பதில்லை. உரைத்தல் அந்நூலின் நோக்கமும் அன்று. வேந்தன் வெற்றியைச் சிறப்பிக்கும் அளவிலேயே மடிந்தோர் ஆண்டு இடம் பெறுகின்றனர்.

அரசாங்கக் கல்வெட்டுகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதல் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் பண்டித சோழத் தெரிந்த வில்லிகள், உத்தம சோழத் தெரிந்த அந்தளகத்தாளர் முதலாகப் படைப்பிரிவுகள் பலவற்றைச் சுட்டுகின்றன. வில்லேந்தியோர் இவர், குதிரைச் சேவகர் இவர், யானையாட்கள் இவர் எனப் பிரித்தறிய அவை பெரிதும் துணைபுரியும். எனினும் இப்பிரிவுகள் பலவும் அரசர்தம் பட்டப்பெயர்களையே தம் பெயராகக் கொண்டிருத்தல் கருதத்தக்கது. படைஞன் தன் பெயரால் அன்றி, வேந்தன் பெயராலேயே அறியப்பட்டான்.

இவற்றினின்று முற்றும் வேறுபட்டவை நடுகற்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை தொகுத்து 1972இல் வெளியிட்டது. அவற்றுட் பல தொறுப்பூசலில் பட்ட மறவனின் பெயரையும், அவன் யாருக்குச் சேவகன் என்பதையும் கூறுவன. எடுத்தனூரில் உள்ள கல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் இளமகன் தன் எருமைகளைக் காத்து நின்று பட்டதை அஃது அறிவிக்கின்றது. கோவிவன் என்னும் அவனது நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் உடன் கூறுகின்றது. பேரரசன் பெயர் ஈண்டு ஆண்டினைக் குறிக்கும் அளவிற்றே. செய்தி முழுவதும் இளமகனுக்கும் நாய்க்கும் உரியது. போரிற் பட்டோர் குடும்பத்தார்க்கு ஊரவர் வழங்கிய நிலம் ‘உதிரப்பட்டி’ எனப்பட்டது. ஒருவன் சாவினால் அவன் மனையில் நேர்ந்த வறுமையை ஊரார் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

படைமறவன் மடிபவன் மட்டும் அல்லன், கொல்பவனும் ஆவான். மேலைச் சாளுக்கியன் சத்தியாசிரயன் காலத்து ஹொட்டூர்க் கன்னடக் கல்வெட்டு (1007), சோழர் படை 9,00,000 பேருடன் புகுந்து நாட்டைச் சூறையாடியது எனவும், பெண்டிரையும் மகவையும் அந்தணரையும் கொன்றது எனவும் குற்றம் சாட்டுகின்றது. பகைவர் கூற்றாதலின் எண்ணிக்கை மிகையாதல் கூடும். அதுபற்றிச் செய்தி முழுவதையும் தள்ளிவிடுதல் நடுவுநிலை ஆகாது. நம் மெய்க்கீர்த்திகள் பகைப்புலத்தை எரியூட்டியமையைப் பெருமையாகவே கூறுகின்றன அன்றோ?

இனி, படைஞர் தாமே முடிவெடுத்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஈழத்து மன்னன் முதலாம் விசயபாகு (1055-1110) தன் 30ஆம் ஆட்சியாண்டில் சோழர்மீது படையெடுக்க முனைந்தான். அவனிடம் பணிபுரிந்த வேளைக்காரப் படையினர் செல்ல விரும்பாது கிளர்ந்தெழுந்தனர். படைத்தலைவர் இருவரைக் கொன்றனர். பொலன்னறுவை அரண்மனைக்குத் தீயிட்டனர். கிளர்ச்சி அடங்கியபின், அதன் தலைவர்கள் கை பிணிக்கப்பட்டு, கொலையுண்ட படைத்தலைவர்தம் ஈமத்தீயில் எரிக்கப்பட்டனர் என்று சூளவம்சம் கூறும். விசயபாகு இறந்தபின் அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டொன்று பொறித்தனர். அரச குருவும் அமைச்சரும் வேண்டியதற்கிணங்கப் புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்ட பள்ளியைக் காக்கும் பொறுப்பினை ஏற்றுக்கொண்டதாக அதில் உரைக்கின்றனர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனத் தம்முட் பல பிரிவினரையும் எண்ணிக் கூறுகின்றனர்.

இவ்விரு சான்றுகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 25 ஆண்டுகள். தீயிட்ட படையே காவற்படையாயிற்று. தம் தலைவர் எரியக் கண்ட இளைஞருட் சிலர், முதுமையில் அக்கல் பொறிக்கப்பட்டபோதும் உடனிருந்திருத்தல் கூடும். சோழப் படையில் தம் சுற்றத்தார் நிற்பர் என்று அஞ்சியவர் யார்? கூலி குறைவென்று சினந்தவர் யார்? சூழ்ந்து நின்றோரைப் பின்பற்றியவர் யார்? வரலாற்றாசிரியன் இவ்வினாக்களோடு நின்றுவிடுதல் முறை. புதின ஆசிரியனது பணி இவ்விடத்திற்றான் தொடங்குகின்றது.

சான்று குறைவென்பது பொருந்தாது என்பது இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படும். படைமறவனுக்குப் பெயர் தந்து நிற்பன நடுகற்கள். அவன் மனையைக் காட்டுவது உதிரப்பட்டி. அவன் கைக்கறையைக் காட்டுவது பகைவர் கல்வெட்டு. அவன் மறுப்பினைக் காட்டுவது பொலன்னறுவை நிகழ்ச்சி. அவனைத் துன்புறுவோனாக மட்டும் வரைந்து இரங்குதல் போதாது. தீமை செய்தற்கும், ஆணையை மறுத்தற்கும், வாக்குறுதியைக் காத்தற்கும் உரிய ஒரு மனிதனாக அவனைப் படைத்தல் வேண்டும். அத்தகைய புதினத்திற்குரிய கருப்பொருள் அரண்மனை ஓலைகளினும் ஊர்ப்புறத்துக் கற்களிலேயே மிகுதியும் உளது.