முதலிற் கொட்டாரம், பின்னர் இல்லம்



நாம் வாழும் ரயில்வே குடியிருப்பு வசதியானது, ஆயினும் நம்முடையதன்று. பணி ஓய்வு பெற்றபின் திறவுகோலை ஒப்படைத்துவிட்டு வெளியேறுதல் வேண்டும். அதன்பின் எங்குச் செல்வது என்னும் வினா, இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் நம்மவர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழுவதே. சிலர் தஞ்சைக்கும் நெல்லைக்கும் திரும்ப எண்ணுகின்றனர். வேறு சிலர் இங்கேயே ஒரு துண்டு நிலம் வாங்கி, பிற்காலத்தில் அதில் மனை கட்டி வாழ எண்ணுகின்றனர். யானும் அவர்களுள் ஒருவன். அங்ஙனம் எண்ணுவோர் முதலிற் கட்ட வேண்டியது யாது? வீடா, கொட்டாரமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையையும், அவ்விடையை அறியாமல் யான் பட்ட பாட்டையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெல்லும் வைக்கோலும் ஏர்க்கருவிகளும் வைத்து, கால்நடைகளையும் கட்டுதற்குரிய கொட்டகையையே ஈண்டுக் கொட்டாரம் என்கிறேன்.

நாயுடுபேட்டை நமக்கு அயலூர் என்று கருதுதல் பொருந்தாது. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர், பண்டைத் தொண்டைமண்டலத்தின் வட பகுதியைச் சார்ந்தது. பட்டர்வொர்த், வேணுகோபால் செட்டி என்னும் இருவர் 1905ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நெல்லூர் மாவட்டக் கல்வெட்டுத் திரட்டில் தமிழ்க் கல்வெட்டுகள் பல இடம்பெற்றுள்ளன. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தில் இருந்த நாயுடுபேட்டை, 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது. மாவட்டங்களின் பெயர்கள் மாறும், மண் மாறுவதில்லை.

இனி வரலாற்றை நோக்குவோம். கரிகாற் சோழனின் பெருமையைக் கூறும் பட்டினப்பாலை, அவன் காட்டைத் திருத்தியதையும் நீர்நிலைகள் அமைத்ததையும் முன்னர்க் கூறி, குடிகளை அமர்த்தியதைப் பின்னரே கூறுகிறது. மண்ணும் நீரும் முதலில். மனிதன் வாழும் மனை அதன்பின். இவ்வரிசை புலவர் தற்செயலாக அமைத்ததன்று என்பது என் எண்ணம்.

ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. தமிழகத்தில் 'பட்டி' என முடியும் ஊர்கள் எத்தனை! பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். முதலில் மந்தைக்கு வேலி எழுந்தது. அதனருகே காவற்குடிசை எழுந்தது. நாளடைவில் அதுவே ஊராயிற்று. களத்தூர் என்னும் பெயரில் நெற்களம் இன்றும் நிலைத்திருக்கிறது.

மூன்றாவது சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன், தான் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயிலுக்கு ஊர்கள் பலவற்றை வழங்கினான். அவ்வூர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரிகை என நுணுக்கமாக அளந்து, வரியில்லா நிலம் எது என்பதையும் கல்லில் வெட்டுவித்தான். ஊர் நத்தம், கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு, களம், கொட்டகாரம், கன்று மேய்பாழ் ஆகியனவும் அவ்வகையிற் சேர்ந்தன. ஓர் அடி நிலத்தையும் கணக்கில் விடாத அரசே நெற்களத்துக்கும் கொட்டகாரத்துக்கும் கன்று மேயும் தரிசுக்கும் வரி கேட்கவில்லை. ஏன்? அவை இன்றேல் விளைச்சல் இல்லை. விளைச்சல் இன்றேல் வரியும் இல்லை என்பதனால் அன்றோ!

கொட்டகாரம் என்பது வடமொழிக் 'கோஷ்டாகாரம்' என்னும் சொல்லின் வழிவந்தது. அதுவே கொட்டாரம் எனத் திரிந்தது. உத்தரப் பிரதேசத்துக் கோரக்பூர் மாவட்டத்தில் சோகௌரா என்னும் ஊரிற் கிடைத்த பழஞ்செப்பேடு, இடர்க்காலத்துக்கென அமைத்த இரு களஞ்சியங்களை இதே சொல்லாற் குறிக்கிறது. அச்செப்பேடு மௌரியர் காலத்தது என்பர்.

களஞ்சியம் இடர்க்காலத்துத் துணை என்பதை 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் மெய்ப்பித்தது. நெல்லூர் மாவட்டமும் அதிற் சிக்கியது. கப்பல் வழியே சென்னைத் துறைமுகத்துக்கு வந்த தானியம், இருப்புப்பாதை சென்ற இடங்களுக்கு விரைந்து சென்றது. விஜயவாடாவையும் சென்னையையும் இணைக்கும் நம் பாதையோ 1899ஆம் ஆண்டிலேதான் அமைந்தது. அதற்கு முன் இப்பகுதி ஊரார் தம் குதிரையும் நிலத்தடிப் பாத்தரையையுமே நம்ப வேண்டியிருந்தது. வங்கப் பஞ்சத்துக்குப் பின் பாட்னாவில் 1786ஆம் ஆண்டு ஆங்கிலேயர் எழுப்பிய 'கோல்கர்' என்னும் மாபெரும் களஞ்சியம் ஒருநாளும் முழுமையாக நிரம்பியதில்லை என்பர். அரசின் பெருங்களஞ்சியம் வேண்டுவதே. ஆயினும் அது வீட்டுக் குதிருக்கு ஈடாகாது.

இவையெல்லாம் யான் பின்னர்க் கற்றவை. 2019ஆம் ஆண்டில் ஆற்றுக்கு அப்பால் ஓர் ஏக்கர் நிலம் வாங்கினேன். "முதலில் கொட்டகை போடப்பா" என்றார் ஊரிலிருந்த என் தந்தையார். யான் கேட்கவில்லை. உறவினர் கண்டு மெச்ச வேண்டும் என்னும் ஆசையால், கையிலிருந்த பணம் முழுவதையும் வீட்டின் அடித்தளத்திற் கொட்டினேன். 2021ஆம் ஆண்டுக் கார் அறுவடையில் 12 மூட்டை நெல் கண்டது. அவற்றை அவ்வடித்தளத்தின் மீது அடுக்கித் தார்ப்பாயால் மூடி வைத்தேன்.

அவ்வாண்டு நவம்பரிற் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுவர்ணமுகி கரைபுரண்டது. நெல்லூரை அடுத்த படுகுபாட்டில் இருப்புப்பாதை அரிக்கப்பட்டு வண்டிகள் நின்றன. யான் அலுவலகத்தை விட்டு நகர இயலவில்லை. என் மனைவியும் மகனும் முழங்கால் அளவு நீரில் நின்று மூட்டைகளைக் காக்க முயன்றனர். அண்டை நிலத்துத் தெலுங்குப் பெரியவர் தம் மாடுகளை ஒருபுறம் ஒதுக்கி, தம் கொட்டத்தில் 4 மூட்டைகளுக்கு இடம் தந்தார். எஞ்சிய 8 மூட்டையும் முளைத்துப் பாழாயின. மறுவாரம் யான் நன்றி கூறச் சென்றபோது அவர், "முந்து கொட்டம், தருவாத்த இல்லு, நாயனா" என்றார். என் தந்தையார் தமிழிற் கூறியதையே அவர் தெலுங்கிற் கூறினார். தந்தையாரிடம் இதைச் சொல்ல இயலவில்லை. அதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார்.

அதன்பின் வேலையை வரிசைப்படி தொடங்கினேன். ஒரு மழைக்காலம் முழுவதும் நீர் எவ்வழி வந்து எவ்வழி வடிகிறது என்பதையே கவனித்தேன். வெள்ளம் நின்ற அடையாளத்துக்கு மேல் 3 அடி உயர்த்தி மேடையிட்டு, அதன்மீது கொட்டாரம் எழுப்பினேன். அதன் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமைந்தது. வெயில் நெடிய பக்கங்களிற் குறைவாகவே தாக்கும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் புகாவண்ணம் அப்பக்கம் சுவர் வைத்தேன். மாடு கட்டும் தரை வடிகாலை நோக்கிச் சரிந்துள்ளது. எருக்குழி கிணற்றுக்குத் தொலைவில் உள்ளது. நெல்லறையின் பலகைத் தளத்துக்குக் கீழே காற்றோட இடமுண்டு. நெல்லை ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்வரை காயவைத்தே அதில் இடுகிறோம். எல்லையிற் பனங்கொட்டை ஊன்றினோம். வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் வைத்தோம். சணப்பையை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். கோடையில் ஆட்டுக்கிடை போட்டோம். வெளுத்துக் கிடந்த மண் இன்று கருமை பெற்று வருகிறது.

வீட்டின் அடித்தளம் இன்னும் அப்படியே கிடக்கிறது. அதன்மீது என் மனைவி மிளகாய் வற்றல் காயவைக்கிறாள். முன்னர் அதைக் கண்டு நாணினேன்; இப்பொழுது நாணுவதில்லை. யான் ஓய்வு பெறுதற்கு இன்னும் ஆண்டுகள் பல உள்ளன. அதற்குள் நிலம் எம்மைத் தாங்கக் கற்றுக்கொள்ளும். யாமும் நிலத்தைப் பேணக் கற்றுக்கொள்வோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அந்தத் தெலுங்குப் பெரியவரின் கூரை ஒழுகியது. அவருடைய 6 மூட்டை நெல்லும் இரு கன்றுகளும் எம் கொட்டாரத்தில் 10 நாட்கள் தங்கின. எமக்கு இவ்வூரில் இல்லம் இன்னும் எழவில்லை. ஆயினும் யாம் இவ்வூரார் ஆகிவிட்டோம் என்று அன்று உணர்ந்தேன்.

ஆதலின் அன்பர்களே, நிலம் வாங்குவோர் வீட்டுப் படத்தை ஒருபுறம் வைத்து, முதலிற் கொட்டாரத்துக்குக் கயிறு பிடியுங்கள். இல்லம் தானே பின்வரும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!